மௌலானா என்னும் ஒரு சொல்

என் மூத்த மகளின் நிக்காஹ் அழைப்பிதழுக்குரிய அச்சுப்படி, 2019ஆம் ஆண்டில் ஒரு வியாழக்கிழமை அஸர் தொழுகைக்குப் பின் என் கைக்கு வந்து சேர்ந்தது. அச்சகத்தார் எங்கள் ஊர்க்காரர். ஆலிம்களின் பெயரை இன்னவாறுதான் அச்சிட வேண்டும் என்று தமக்கென ஒரு வாடிக்கை வைத்திருப்பவர். நான் எழுதிக் கொடுத்தது என் பெயரும், ஓதிப் பட்டம் பெற்ற மதரஸாவைச் சுட்டும் ஒரு சொல்லும் மட்டுமே. திரும்பி வந்த தாளிலோ என் பெயருக்கு முன்பாக 'மௌலானா மௌலவி' என்னும் இரு சொற்கள் தடித்த எழுத்துகளில் வீற்றிருந்தன.

எழுதுகோலை எடுத்துக்கொண்டு திண்ணையில் அமர்ந்தேன். 'வலீமா' என்ற சொல்லில் லகரம் ளகரமாகியிருந்தது, திருத்தினேன். மண்டபத்தின் பெயரில் ஓர் ஒற்று விடுபட்டிருந்தது, சேர்த்தேன். என் பெயரருகே வந்தபோது எழுதுகோல் சற்றுத் தயங்கியது. பின்னர் அதைத் தாண்டி அடுத்த வரிக்குச் சென்றுவிட்டது. சம்பந்தி வீட்டார் வணிகக் குடும்பத்தினர். அவர்கள் பக்கத்துப் பெயர்களின் முன்னும் பின்னும் ஹாஜி என்றும் உரிமையாளர் என்றும் நிறைந்திருக்கையில், மாதச் சம்பளக்காரனாகிய பெண்ணின் தகப்பனுக்கு இந்த ஒரு சொல்லாவது இருந்துவிட்டுப் போகட்டும் என்று மனம் சொல்லிற்று. மனம் சொன்னதைக் கை கேட்டது.

அன்றிரவு என் மனைவி அந்தத் தாளை வாங்கி முதலிலிருந்து கடைசி வரை படித்தாள்.

"பண்டாரி மாமா பேரை எங்கே போட்டிருக்கீங்க?" என்று கேட்டாள்.

"அவர் நமக்கு என்ன முறை என்று போடுவது?" என்றேன்.

அவள் தாளை மடித்து என்னிடமே தந்துவிட்டாள். அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை.

இக்கட்டுரையை எழுதத் தொடங்கும்போது 'மௌலானா' என்ற சொல்லின் பிறப்பையும் பொருளையும் மட்டும் எழுதுவதாகத்தான் எண்ணியிருந்தேன். அந்த அழைப்பிதழில் இடம்பெற்ற சொல்லை எழுதும்போது, அதில் இடம்பெறாத பெயரை விட்டுவிட்டு எழுத இயலவில்லை.

'மௌலானா' என்பது ஒரு சொல்லன்று, இரண்டு. 'மௌலா' என்பது பெயர்ச்சொல். 'நா' என்பது 'எங்கள்' என்று பொருள்தரும் ஈறு. ஆக, 'எங்கள் மௌலா' என்பதே அதன் நேர்ப்பொருள். பிறர் ஒருவரை அழைப்பதற்கு அமைந்த சொல் இது. ஒருவர் தாமே தம்மை 'மௌலானா இன்னார்' என்று கையொப்பமிடுவாராயின், 'எங்கள் தலைவராகிய நான்' என்று எழுதியவர் ஆகிறார்! இந்த நகைப்பை என் மாணவர்களுக்குப் பலமுறை சொல்லிச் சிரிக்க வைத்திருக்கிறேன். அந்த அச்சுப்படி என் கையில் இருந்த மாலையில் மட்டும் எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மௌலா என்பதன் வேர், வாவ், லாம், யா என்னும் மூன்று எழுத்துகள். நெருக்கம் என்பதும், ஒன்றையடுத்து மற்றொன்று இடையீடின்றி இருத்தல் என்பதும் அவ்வேரின் முதற்பொருள்கள். இந்த நெருக்கத்திலிருந்து கிளைத்த சொற்களை நம் வீடுகளில் நாள்தோறும் வழங்குகிறோம். எல்லாம் ஒரு வேர் என்பது பலருக்குத் தோன்றுவதில்லை. இறைவனுக்கு நெருங்கிய நல்லடியார் வலீ. அவர்கள் பலராயின் அவ்லியா. நிக்காஹின்போது மணப்பெண்ணுக்குப் பொறுப்பாளராய் அமரும் தகப்பனும் வலீ. பள்ளிவாசல் சொத்தின் பொறுப்பைத் தம்மேல் ஏற்றுக்கொண்டவர் முத்தவல்லி. நாட்டின் ஒரு பகுதியை ஆள்வதற்கு அமர்த்தப்பட்டவர் வாலீ. நாகூரில் அடங்கியிருக்கும் பெரியாரும், எங்கள் தெருப் பள்ளிவாசலின் கணக்கைப் பார்க்கும் முத்தவல்லியும், மகளை மணம்முடித்துக் கொடுக்கும் ஏழைத் தகப்பனும் ஒரே வேரில் பூத்த பெயர்களைத் தாங்கியவர்கள். ஆனால், வலீமா விருந்து இக்கூட்டத்தைச் சேர்ந்ததன்று. அதன் வேர் வாவ், லாம், மீம். காதுக்கு ஒத்து ஒலிப்பதால் மாணவர்கள் ஏமாறுவார்கள். இளமையில் நானும் ஏமாந்தவனே.

ஹிஜ்ரி 606இல் மறைந்த மஜ்துத்தீன் இப்னுல் அஸீர் (ரஹ்) அவர்கள், ஹதீஸ்களில் வரும் அருஞ்சொற்களுக்குப் பொருள்கூறும் தம் 'அந்நிஹாயா' என்ற நூலில் மௌலாவுக்கு 16 பொருள்களைத் தொகுத்துள்ளார்கள். இரட்சகன், உடைமையாளன், தலைவன், உபகாரம் செய்தவன், அடிமையை விடுதலை செய்தவன், உதவியாளன், நேசன் என்று அந்த வரிசை மேலேயிருந்து இறங்குகிறது. அண்டைவீட்டான், தந்தைவழிச் சகோதரன், உடன்படிக்கைத் தோழன், மணவழி உறவினன் என்று நடுவில் தோளோடு தோள் நிற்கிறது. அடிமை, விடுதலை பெற்றவன், உபகாரம் பெற்றவன் என்று தரையில் வந்து முடிகிறது.

மதரஸாவில் மூன்றாம் ஆண்டு ஓதிக்கொண்டிருந்தபோது இதைக் கேட்டு நான் திகைத்துவிட்டேன். "விடுவித்தவனும் மௌலா, விடுவிக்கப்பட்டவனும் மௌலா என்றால், யார் மேலே, யார் கீழே என்று எப்படித் தெரியும் ஹழ்ரத்?" என்று உஸ்தாத் அவர்களிடம் கேட்டேன்.

உஸ்தாத் அவர்கள் தமிழிலும் தேர்ந்தவர்கள். "உன் தாய்மொழியில் 'ஆள்' என்றால் என்ன?" என்று திருப்பிக் கேட்டார்கள்.

"வேலைக்காரன், ஹழ்ரத்."

"'நாட்டை ஆள்' என்றால்?"

நான் வாயடைத்து நின்றேன். ஆளுகிறவன் செய்கைக்கும் ஆளப்படுகிறவனுக்கும் ஒரே சொல்லை வைத்துக்கொண்டு ஆயிரம் ஆண்டுகளாகத் தமிழர் குழப்பமின்றிப் பேசிவருகிறார்கள் அல்லவா? அரபியில் இவ்வாறு எதிரெதிர்ப் பொருள்தரும் சொற்களுக்கு 'அழ்தாத்' என்று பெயர். ஹிஜ்ரி 328இல் மறைந்த இப்னுல் அன்பாரீ போன்றோர் அவற்றுக்கெனத் தனி நூலே யாத்தனர். உறவின் இரு முனைகளில் நிற்போரும் ஒருவருக்கொருவர் நெருங்கியோரே ஆதலால், நெருக்கத்தைக் குறிக்கும் சொல் இருவருக்கும் பொருந்திற்று என்பது உஸ்தாத் அவர்கள் தந்த விளக்கம். பாடமாய் அதை எழுதிக்கொண்டேன், அவ்வளவுதான்.

அந்தப் பாடம் நடந்த ஆண்டு 1985. அதே ஆண்டில்தான் என் அத்தா வஃபாத்தானார்கள். வீட்டில் அம்மாவும், என் கீழ் இரண்டு தங்கைகளும். நாற்பதாம் நாள் கழிந்து நான் மதரஸாவுக்குத் திரும்பிய வாரத்திலேயே தாய்மாமனிடமிருந்து கடிதம் வந்துவிட்டது. சென்னை மண்ணடியில் ஒரு மளிகைக்கடையில் எனக்கு இடம் பேசியாயிற்று. உடனே புறப்பட வேண்டும். என் தகரப் பெட்டியைக் கட்டிக்கொண்டு, சொல்லிக்கொள்வதற்காகச் சமையற்கட்டுக்குச் சென்றேன்.

அங்கே சோறாக்குபவரை மாணவர்கள் அனைவரும் பண்டாரி மாமா என்றே அழைப்போம். மதரஸாவில் இருவேளைச் சமையலை முடித்துவிட்டு, விடுமுறை நாள்களில் சுற்றுவட்டாரத்துக் கல்யாணங்களுக்குப் பிரியாணி ஆக்கப் போவார். சொந்தமாக இரண்டு பெரிய செம்புத் தேக்சாக்கள் வைத்திருந்தார். ஈயம் பூசிக் கவிழ்த்து வைத்தால் ஒரு சிறுவன் அதனுள் ஒளிந்துகொள்ளலாம், நாங்கள் ஒளிந்திருக்கிறோம். கல்யாணக் கூலியில் பாத்திர வாடகை போகாமல் முழுமையாகக் கைக்கு வருவது அவற்றால்தான்.

என்னைப் பார்த்ததும் அவர் அடுப்பிலிருந்து எழுந்தார். "பெட்டிய எறக்கு தம்பி. ஓத வந்த புள்ள ஓதி முடிச்சுத்தான் போகணும்" என்றார்.

"அம்மாவுக்கு யார் அனுப்புவா மாமா?"

"அதுக்கு அல்லாஹ் இருக்கான். நீ உள்ள போயி கிதாப எடு."

அடுத்த மாதம் முதல் அம்மாவுக்கு 75 ரூபாய் மணியார்டர் வரத் தொடங்கிற்று. தகப்பனில்லாப் பிள்ளைகளுக்கு மதரஸா நிருவாகம் அனுப்பும் உதவித்தொகை என்று அம்மா எண்ணிக்கொண்டார்கள். நானும் அவ்வாறே எண்ணினேன். 1990இல் நான் ஸனது பெற்ற நாளில் அம்மா திரைக்கு அப்பாலிருந்து நிருவாகிக்கு நன்றி சொல்லியனுப்ப, அவர் அப்படியொரு தொகையே இல்லையென்று விழித்தார். பிறகுதான் சமையற்கட்டின் மூலையில் ஒரு தேக்சா மட்டுமே கவிழ்ந்திருப்பதன் காரணம் எனக்கு விளங்கியது. மற்றொன்று 1985லேயே விலைபோயிருந்தது. அது தீர்ந்த பின் தம் கூலியிலிருந்து அனுப்பியிருக்கிறார். வாடகைப் பாத்திரம் எடுத்து ஆக்கியதால் அந்தக் கூலியும் குறைந்துபோயிருந்தது. கேட்டதற்கு, "ரெண்டு தேக்சாவையும் தேய்ச்சுக் கழுவ நம்மால ஆவல தம்பி" என்று சொல்லிவிட்டு உலைக்கு அரிசி களையப் போய்விட்டார்.

இவரைத்தான், நமக்கு என்ன முறை என்று நான் கேட்டேன்.

மகளின் நிக்காஹ் நாளன்று அவர் வந்திருந்தார். 80ஐ நெருங்கும் வயது; ஊன்றுகோல். மேடைப் பக்கம் வரவில்லை. நேரே பின்கட்டுக்குச் சென்று, தேக்சாக்கள் தம்மில் கிடக்கும் இடத்தில் ஒரு பலகையைப் போட்டு அமர்ந்துகொண்டார் என்று பின்னர் சொன்னார்கள். வலீயாக அமர்ந்து நிக்காஹை முடித்துவிட்டு, ஜுப்பாவும் தலைப்பாகையுமாய் வாசலில் நின்று விருந்தினரை அனுப்பிக்கொண்டிருந்த என்னிடம் மெல்ல வந்து முஸாஃபஹா செய்தார். 'தம்பி' என்ற அழைப்பை எதிர்பார்த்துக் காதைச் சாய்த்தேன்.

"மௌலானா, ரெண்டாவது தேக்சா கொஞ்சம் கொழஞ்சிடுச்சு. அதக் கடைசிப் பந்திக்கு வைக்கச் சொல்லிட்டேன். சம்பந்தி வீட்டு ஆளுகளுக்கு மொதத் தேக்சாவே போவும். நீங்க கவலப்படாதீங்க."

"மாமா, என்ன புதுசா மௌலானா என்கிறீர்கள்?"

"கார்டுல அப்புடித்தான் போட்டிருக்குன்னு படிச்சுச் சொன்னாங்க" என்றார். அதில் குத்தல் எதுவும் இல்லை. குத்தலாகப் பேச அவருக்குத் தெரியாது. அவர் கடைசிப் பந்தியில் அமர்ந்து, குழைந்த சோற்றை உண்டுவிட்டுப் போனார்.

அதற்கு நான்கைந்து மாதங்களுக்குப் பின் புகாரீ ஷரீஃப் பாடத்தில் நாங்கள் சமாதானம் பற்றிய பகுதிக்கு வந்தோம். அங்கே ஹம்ஸா (ரலி) அவர்களின் மகளைப் பற்றிய ஹதீஸ் இடம்பெறுகிறது. எத்தனையோ ஆண்டுகளாக நான் நடத்திய பாடம். அன்று அதை வாசித்த மாணவர் ஒரு சொல்லில் நின்றுகொண்டு, "ஹழ்ரத், இங்கே மௌலானா என்பதற்கு என்ன பொருள் கொள்வது?" என்று கேட்டார்.

நிகழ்ச்சி ஹிஜ்ரி 7ஆம் ஆண்டினது. உம்ராவை நிறைவேற்றிவிட்டுப் பெருமானார் (ஸல்) அவர்கள் மக்காவை விட்டுப் புறப்படும்போது, உஹதில் ஷஹீதான ஹம்ஸா (ரலி) அவர்களின் சின்னஞ்சிறு மகள் சிறிய தந்தையே என்று கூவிக்கொண்டு பின்னால் ஓடிவருகிறாள். அலீ (ரலி) அவர்கள் அவளைக் கையில் பற்றிக்கொள்கிறார்கள். அக்குழந்தையை வளர்க்கும் உரிமை யாருக்கு என்பதில் மூவருக்கிடையே வழக்கு எழுகிறது. என் சிறிய தந்தையின் மகள், அவளைக் கைப்பற்றி அழைத்து வந்தவனும் நானே என்கிறார்கள் அலீ. எனக்கும் அவள் சிறிய தந்தையின் மகள், அவளுடைய தாயின் சகோதரி என் வீட்டில் இருக்கிறார் என்கிறார்கள் ஜஅஃபர். என் சகோதரரின் மகள் என்கிறார்கள் ஸைது பின் ஹாரிஸா. ஹம்ஸாவுக்கும் அவர்களுக்கும் இடையே நபியவர்கள் ஏற்படுத்திய சகோதரத்துவ உடன்படிக்கையே அந்த உறவு. தாயின் சகோதரி தாயின் இடத்தில் உள்ளவர் என்று கூறி, குழந்தையை ஜஅஃபரின் இல்லத்துக்கே பெருமானார் (ஸல்) அவர்கள் தீர்ப்பளித்தார்கள். பின்னர் மூவரில் எவர் மனமும் நோகாதிருக்க ஒவ்வொருவருக்கும் ஒரு வார்த்தை அருளினார்கள். அலீயிடம், நாம் ஒருவரில் ஒருவர் என்ற கருத்தில் சொன்னார்கள். தோற்றத்திலும் குணத்திலும் தம்மை ஒத்தவர் என்று ஜஅஃபரிடம் கூறினார்கள். ஸைதை நோக்கி, எங்கள் சகோதரர் என்றும் 'மௌலானா' என்றும் கூறினார்கள்.

ஸைது (ரலி) யார்? சிறுவயதில் கொள்ளையரால் பிடிக்கப்பட்டு, சந்தையில் விற்கப்பட்டு, கதீஜா (ரலி) அவர்களின் இல்லத்துக்கு வந்து சேர்ந்த அடிமைச் சிறுவர். தேடிவந்த தந்தையோடு போவதா, நபியவர்களோடு இருப்பதா என்ற விருப்பம் தரப்பட்டபோது இங்கேயே இருந்துவிட்டவர். விடுதலை செய்யப்பட்டு, மகனாக அறிவிக்கப்பட்டு, பல ஆண்டுகள் ஸைது பின் முஹம்மத் என்றே அழைக்கப்பட்டவர். வளர்ப்பு மக்களை அவர்களைப் பெற்ற தந்தையரின் பெயராலேயே அழைக்குமாறு திருமறையின் 33ஆம் அத்தியாயத்தின் 5ஆம் வசனம் இறங்கியதும் அந்தப் பெயர் அவரைவிட்டு நீங்கிற்று. உலகில் அதைவிட உயர்ந்த பெயரொன்றை இழந்தவர் யார் இருக்க முடியும்? ஆனால் அதே வசனம், தந்தையர் யாரென்று தெரியாதவர்களை மார்க்கத்தில் சகோதரர்கள் என்றும் மௌலாக்கள் என்றும் கொள்ளச் சொல்கிறது. சகோதரர், மௌலா என்னும் அந்த இரு சொற்களையே பொறுக்கியெடுத்தாற்போல் ஹிஜ்ரி 7இல் பெருமானார் ஸைதின் கையில் தருகிறார்கள். இந்தப் பொருத்தம் அத்தனை ஆண்டுகளாக என் கண்ணில் படவில்லை. அடுத்த ஆண்டே மூத்தா போர்க்களத்தில் படைத்தலைமை ஏற்ற ஸைதும், அவருக்குப்பின் கொடி ஏந்திய ஜஅஃபரும், குழந்தைக்காக வழக்காடிய அந்த இருவரும், ஷஹீதானார்கள்.

எஜமானர் தாம் விடுவித்த ஒருவரை 'மௌலானா' என்கிறார். நான் என் பெயர் முன்னே நிறுத்திக்கொண்ட சொல் அது. "இங்கே எங்களால் விடுதலை பெற்றவர் என்று பொருள் கொள்க" என்று மாணவருக்கு விடை சொல்லிவிட்டுக் கிதாபை மூடினேன். பாடம் முடிய இன்னும் கால்மணி நேரம் இருந்தது.

திருமறையில் இச்சொல் வரும் இடங்களை அன்றிரவு தேடித் தேடிப் பார்த்தேன். பகரா அத்தியாயத்தின் இறுதி வசனத்தில் அடியார்கள் இறைவனையே 'மௌலானா' என்று விளித்து இறைஞ்சுகிறார்கள். நாம் உறங்குமுன் ஓதும் வசனம் அது. உஹதுப் போரின் முடிவில் குறைஷிகள் தங்கள் உஸ்ஸா சிலையின் பெயரைச் சொல்லிப் பெருமையடித்தபோது, அல்லாஹ்வே எங்கள் மௌலா என்று மறுமொழி கூறுமாறு நபியவர்கள் கற்றுக்கொடுத்தார்கள். மர்யம் அத்தியாயத்தில் ஸகரிய்யா நபி அஞ்சிய பின்வரும் உறவினரும் மௌலாக்களே. ஹதீத் அத்தியாயத்தில் நரக நெருப்பே நயவஞ்சகரின் மௌலா! எல்லாவற்றினும் என்னை நிறுத்திவைத்தது துகான் அத்தியாயத்தின் 41ஆம் வசனம். மறுமையில் ஒருவர் மற்றவருக்குப் பயன்படமாட்டார் என்னும் அவ்வசனத்தில் அந்த ஒருவரும் மௌலா, மற்றவரும் மௌலா. காப்பவருக்கும் காக்கப்படுபவருக்கும் வேறு வேறு பெயர் அங்கே தரப்படவில்லை.

விடுவித்தவருக்கும் விடுதலை பெற்றவருக்கும் இடையிலுள்ள பந்தத்துக்கு 'வலாஉ' என்று ஃபிக்ஹு நூல்கள் பெயரிடுகின்றன. பரீரா என்ற அடிமைப் பெண்ணை ஆயிஷா நாயகி (ரலி) விலைக்கு வாங்கி விடுவிக்க எண்ணியபோது, விற்பவர்கள் அந்தப் பந்தம் தங்களிடமே இருக்கவேண்டும் என்று நிபந்தனை போட்டார்கள். விடுதலை செய்தவருக்கே அது உரியது என்று பெருமானார் (ஸல்) தீர்ப்பளித்தார்கள். அதை விற்கலாகாது, பிறருக்கு நன்கொடையாகவும் தரலாகாது என்றும் தடுத்தார்கள். இரத்த உறவை எப்படி விற்பது? ஒரு குலத்தாரின் மௌலா அக்குலத்தாரில் ஒருவரே என்பதும் அவர்கள் வாக்கு. அது வெறும் உபசாரமன்று. தம் குடும்பத்தாருக்கு ஸதகா ஆகாது என்ற விதியைத் தாம் விடுவித்த அபூராஃபிஉக்கும் விரித்து, வறியவரான அவரும் அதை வாங்கலாகாது என்று சொல்லும் அளவுக்கு உண்மையான உறவு. நான் என் பந்தத்தை விற்கவுமில்லை, பிறருக்குத் தரவுமில்லை. அழைப்பிதழில் மறைத்து வைத்தேன்.

இந்த மௌலாக்களின் வழியாகத்தான் நமக்குக் கல்வி வந்தது என்பதை நம் பிள்ளைகள் அறியவேண்டும். குர்ஆனைக் கற்றுக்கொள்ளுங்கள் என்று நபியவர்கள் பெயர்சொல்லிக் காட்டிய நால்வரில் ஒருவர், அபூஹுதைஃபாவின் மௌலாவாகிய ஸாலிம் (ரலி). நபியவர்கள் மதீனா வருமுன் குபாவில் முதல் முஹாஜிர்களுக்கு அவரே இமாமாக நின்று தொழவைத்தார். பின்னே நின்றோரில் உமர் (ரலி) அவர்களும் இருந்தார்கள். இப்னு உமரின் மௌலா நாஃபிஉ. அவரிடமிருந்து இமாம் மாலிக் அறிவிக்கும் தொடரே தொடர்களில் மிகச் சிறந்தது என்பது இமாம் புகாரீயின் கணிப்பு. அந்த இமாம் புகாரீயின் பெயரோடு ஒட்டியிருக்கும் 'ஜுஃபீ' என்பதும், அவருடைய முப்பாட்டனார் ஜுஃபீ குலத்தவர் ஒருவரின் கையில் இஸ்லாத்தைத் தழுவியதால் வந்த மௌலா உறவின் அடையாளம். அரபி இலக்கணத்துக்கு மூலநூல் தந்த ஸீபவைஹியோ பாரசீகர். ஓர் அரபுக் குலத்தின் மௌலா. உமய்யாக்கள் காலத்தில் இச்சொல் இழிந்தும் போயிற்று. அரபியல்லாத முஸ்லிம்கள் எல்லோரும் மௌலாக்கள் என்று ஒதுக்கப்பட்டு, கலிமா சொன்ன பின்னும் அவர்களிடம் ஜிஸ்யா வாங்கப்பட்ட கொடுமை ஹஜ்ஜாஜின் ஆட்சியில் நடந்தது. ஹிஜ்ரி 99இல் பதவியேற்ற உமர் பின் அப்துல் அஸீஸ் (ரஹ்) அவர்கள் அதை நிறுத்தினார்கள்.

பின்னர் அச்சொல் மரியாதைச் சொல்லாய் உலகெங்கும் நடந்த கதை நீளமானது. அதில் எனக்கு இப்போது அத்துணை ஈடுபாடில்லை. கொன்யாவில் 1273இல் மறைந்த ஜலாலுத்தீன் ரூமீயைத் துருக்கியர் மெவ்லானா என்ற ஒரே சொல்லால் சுட்டுவர். மொரோக்கோவில் நபிவழித் தோன்றல்களும் மன்னர்களும் மௌலாய். 1672 முதல் 1727 வரை ஆண்ட மௌலாய் இஸ்மாயீல் பெயர்பெற்றவர். சுவாஹிலி மொழியில் மோலா என்றால் இறைவனே. பாரசீகம் சென்று தேய்ந்த வடிவம் முல்லா. இலங்கையிலோ மௌலானா என்பது நபிக் குடும்பத்தவரைக் குறிக்கும் குடிப்பெயர். வட இந்தியாவில், ஆக்ஸ்போர்டில் பயின்று 'காம்ரேட்' என்ற ஆங்கில இதழ் நடத்திய முஹம்மத் அலீயையும் மக்கள் அன்பினால் மௌலானா ஆக்கினர். நம் தமிழ்நாட்டில் வேலூர் பாக்கியாத்தில் ஓதியவர் பாக்கவி, லால்பேட்டை மன்பஉல் அன்வாரில் ஓதியவர் மன்பஈ என்று ஓதிய இடத்தைச் சுட்டும் நல்ல வழக்கம் உள்ளது. அது தகவல், பெருமையன்று. மனிதரை மௌலா என்று அழைப்பதே கூடுமா என்ற ஐயமும் உண்டு. முஸ்லிமில் இருவகை அறிவிப்புகள் உள்ளன. அழைப்பதில் தவறில்லை என்று இமாம் நவவீ (ரஹ்) விளக்கிய காரணம், சொல்லுக்கு 16 பொருள்கள் உண்டு என்பதே. அழைப்பவர் எந்தப் பொருளில் அழைக்கிறார் என்பது அவரவர் நெஞ்சுக்குத் தெரியும்.

அந்த வாரம் ஜும்ஆ முடிந்ததும் பண்டாரி மாமாவின் ஊருக்குப் போனேன். கூரைத் தாழ்வாரத்தில் பாய் விரித்து உட்கார வைத்தார். அழைப்பிதழில் அவர் பெயரைப் போடாதது என் தவறு என்றும், பொறுத்துக்கொள்ள வேண்டும் என்றும் சொன்னேன். அவருக்கு அது விளங்கவே சற்று நேரமாயிற்று. தம் பெயர் எந்தக் கல்யாண அழைப்பிதழிலும் வந்ததில்லை என்றார். பிறகு அந்த ஹதீஸைத் தமிழில் சொன்னேன். ஸைது (ரலி) அவர்களுக்குக் கிடைத்த பெயரை அழுத்திச் சொன்னேன். அவர் முழுவதையும் கேட்டுவிட்டு, "அந்தப் பொண்ணு அப்புறம் அவுங்க சின்னம்மா வீட்டுலயே வளந்துச்சா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "அதான் சரி. பசிச்சா கூச்சமில்லாம சோறு கேக்கலாம்" என்றார்.

இரண்டாம் மகளின் நிக்காஹ் 2023இல் நடந்தது. அச்சுப்படி வந்தபோது என் பெயருக்கு முன்னிருந்ததை அடித்தேன். வரவேற்பவர்களின் பெயர்களில் முதலாவதாக அவர் பெயரை எழுதினேன். முன்னால் என்ன போடலாம் என்று அவரிடமே போய்க் கேட்டதற்கு, "பண்டாரின்னு போடு. பேர மட்டும் போட்டா யாருன்னு எனக்கே தெரியாது" என்று சொல்லிச் சிரித்தார். அவ்வாறே அச்சாயிற்று.

முதல் அழைப்பிதழை அவரிடம் கொடுக்கும்போதுதான் ஒன்று நினைவுக்கு வந்தது. அவருக்குத் தமிழ் எழுத்து தெரியாது. சிறுவயதில் மக்தபில் குர்ஆன் ஓதியதும், தம் தாயாரிடம் அரபுத்தமிழ்க் கிதாபுகள் படித்ததுமே அவர் கல்வி. ஆகவே அழைப்பிதழின் ஓரத்தில், தமிழ் ஒலிகளுக்காக நம் முன்னோர் அரபி எழுத்துகளில் புள்ளிகள் கூட்டிய அந்த முறைப்படி, அவருடைய பெயரைப் 'பண்டாரி' என்பதோடு எழுதித் தந்தேன். மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, வலமிருந்து இடமாக விரலை வைத்து எழுத்தெழுத்தாய் வாசித்துக்கொண்டே போனவர் ஓரிடத்தில் விரலை நிறுத்தினார்.

"இங்க ஒரு புள்ளி விட்டுப்போச்சு தம்பி."

வாங்கிப் பார்த்தேன். விட்டுத்தான் போயிருந்தது. எழுதுகோலை எடுத்து அந்தப் புள்ளியை வைத்துக் கொடுத்தேன்.